முன்னாள் படைவீரர் குடும்பங்களுடன் சமூகப் பணி: முதலில் ஃபைலா, மனசா?

மலையடிவாரம்:
எல்லோருக்கும் வணக்கம். எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) முடித்து எட்டு மாதம் ஆகிறது. அடுத்த மாதம் வேலூர்ப் பக்கம் ஒரு சின்ன அறக்கட்டளையில் சேரப் போகிறேன். முன்னாள் படைவீரர்களுக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் உதவுகிற வேலை. எங்கள் வீட்டில் யாரும் பட்டாளத்தில் இருந்ததில்லை. நான் விரும்பிப் படித்தது மனநல ஆலோசனை. ஆனால் நேர்காணலில் கேட்டதெல்லாம் பி.பி.ஓ. (ஓய்வூதிய உத்தரவு), ஸ்பர்ஷ் (ராணுவ ஓய்வூதிய இணையதளம்), டிஸ்சார்ஜ் புக் (பட்டாளத்தில் இருந்து வெளிவரும்போது தரும் பதிவுப் புத்தகம்) என்று போனது. முழித்தேன். ஆனாலும் எடுத்துக்கொண்டார்கள். நான் ஆலோசகராகப் போகிறேனா, கிளார்க்காகப் போகிறேனா என்று இப்போது கவலையாக இருக்கிறது. இந்த வேலையில் இருப்பவர்கள், இதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

பாலாற்றங்கரை:
வாம்மா. நான் 14 வருடமாக இதே மாவட்டத்தில் இதே வேலைதான் பார்க்கிறேன். உன் கவலை எனக்கும் இருந்தது. முதல் வருடம் முழுக்க "நான் படித்தது இதுக்கா?" என்று புலம்பியிருக்கிறேன்.

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். ஆரணி ரோட்டுப் பக்கத்து ஊர். ஐம்பத்தைந்து வயது அம்மா, மஞ்சப்பையோடு வந்தார். பையில் டிஸ்சார்ஜ் புக், ரேஷன் கார்டு ஜெராக்ஸ் ஏழெட்டு, லேமினேட் பண்ணின கல்யாண போட்டோ, கேஸ் புத்தகம். டிஸ்சார்ஜ் புக்கை எடுக்கும் முன்னால் முந்தானையில் இரண்டு கையையும் துடைத்துக்கொண்டார். கணவர் பீரங்கிப் படையில் இருந்தவர், இறந்து இரண்டு வருடம். குடும்ப ஓய்வூதியம் வரவில்லை. காரணம், ராணுவப் பதிவில் மனைவி பெயர் 'கன்னிமா'. ஆதாரில் 'கன்னியம்மாள்'. அவ்வளவுதான். அந்த மூன்று எழுத்துக்காக இரண்டு வருடம் அந்த அம்மா கூலி வேலைக்குப் போயிருக்கிறார்.

மூன்று தடவை வந்தார். மூன்று தடவையும் பெயரைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. பிரமாணப் பத்திரம் எழுதி, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கையெழுத்து வாங்கி, அந்தப் படையின் பணிப் பதிவுகளை வைத்திருக்கிற, நாசிக்கில் உள்ள ரெக்கார்ட் ஆபீசுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். ரசீதை அவர் கையில் கொடுத்தேன். அதை மடித்துப் பர்ஸில் வைத்துவிட்டு, எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார். "அவரு தினம் ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்துருவாரும்மா. வீட்டச் சுத்தி வருவாரு. ஒவ்வொரு ஜன்னல் கம்பியையும் தொட்டுப் பார்த்துட்டுத்தான் படுப்பாரு. ரிட்டயர் ஆன நாள்லேர்ந்து சாகுற வரைக்கும். இப்போ அவரு இல்ல. ரெண்டு மணி ஆனா நான் எழுந்துடறேன். நான் போயித் தொட்டுப் பார்த்துட்டு வர்றேன்."

அன்றைக்கு இரண்டு மணி நேரம் பேசினார். முதல் நாளே "மனசுல என்ன கஷ்டம், சொல்லுங்க" என்று நான் ஆரம்பித்திருந்தால், "ஒண்ணும் இல்லம்மா, நல்லா இருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போயிருப்பார். திரும்ப வந்தும் இருக்க மாட்டார்.

ஃபைலை ஒழுங்காகப் பார்க்கத் தெரியாதவளிடம் அவர்கள் மனசைத் திறக்க மாட்டார்கள். இது என் உறுதியான நம்பிக்கை. அதனால் கிளார்க் வேலை என்று ஒதுக்காதே. அது உனக்கு வாசற்படி.

நீலகிரிச் சாரல்:
ரெக்கார்ட் ஆபீஸ் ஒன்றில் 20 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அக்கா சொன்ன பெயர்ப் பிரச்சினை எங்கே பிறக்கிறது என்று சொல்கிறேன்.

சிப்பாய்க்குக் கல்யாணம் ஆனால், குழந்தை பிறந்தால், அதை யூனிட்டில் தெரிவிக்க வேண்டும். யூனிட் அதை 'பார்ட் டூ ஆர்டர்' என்று வெளியிடும். அதை வைத்துத்தான் ரெக்கார்டில் பெயர் ஏறும். பையன் லடாக்கிலோ அஸ்ஸாமிலோ இருப்பான். தமிழ்ப் பெயரைத் தமிழ் தெரியாத ஒரு கிளார்க் காதில் கேட்டு ஆங்கிலத்தில் எழுதுவார். அம்மாள் அம்மா ஆகும், ழ காணாமல் போகும், இனிஷியல் இடம் மாறும், பிறந்த தேதி இல்லாவிட்டால் தோராயமாக ஒன்று விழும். 20 வருடம் அது யார் கண்ணிலும் படாது. அவர் இறந்த பிறகுதான் தெரியும்.

அதனால் நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை, கணவர் உயிரோடு இருக்கிற வீடுகளைப் பார்ப்பது. டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ., மனைவியின் ஆதார், பான் கார்டு, வங்கிப் புத்தகம் ஐந்தையும் ஒரே தரையில் வரிசையாக வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். தப்பு இருந்தால் அவர் கையெழுத்திலேயே இப்போதே விண்ணப்பம் போகட்டும். அவர் இருக்கும்போது சில மாதத்தில் முடிகிற வேலை, அவர் போன பிறகு வருடக்கணக்கில் இழுக்கும்.

எந்தப் படைப்பிரிவுக்கு எங்கே ரெக்கார்ட் ஆபீஸ் என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள். மெட்ராஸ் ரெஜிமெண்ட் வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் (பொறியாளர் படை) பெங்களூர், பீரங்கிப் படை நாசிக், சிக்னல்ஸ் (தகவல் தொடர்புப் படை) ஜபல்பூர், ஈ.எம்.ஈ. (இயந்திரப் பராமரிப்புப் படை) செகந்திராபாத். தப்பான ஊருக்குத் தபால் போய்த் திரும்பியே ஒரு வருடம் போன கேஸ்கள் பார்த்திருக்கிறேன்.

ஓய்வு_ஹவில்தார்:
சிக்னல்ஸில் 22 வருடம். காட்பாடிப் பக்கம்.

முதலில், இந்த ஊருக்கு வரும்போது லாங் பஜார் மணிக்கூண்டுக் கல்வெட்டை ஒரு தடவை பாரும்மா. 1914-18 போருக்கு இங்கேயிருந்து 277 பேர் போனதாகவும் 14 பேர் உயிரைக் கொடுத்ததாகவும் எழுதியிருக்கும். கம்மவான்பேட்டையை 'ராணுவப்பேட்டை' என்றே சொல்வார்கள். இங்கே பட்டாளம் என்பது வீட்டு வேலை மாதிரி. தாத்தா, அப்பா, மகன்.

இரண்டாவது, கவுன்சலிங் என்ற வார்த்தையை வாசலிலேயே விட்டுவிட்டு வா. எங்களுக்கு அந்த வார்த்தை கேட்டாலே "பைத்தியம் என்று முடிவு பண்ணிட்டாங்க" என்று படும். சர்வீஸில் இருக்கும்போது மனநல வார்டுக்குப் போனால் மெடிக்கல் கேட்டகரி இறங்கும், புரமோஷன் போகும். அந்தப் பயம் வெளியே வந்தாலும் போகாது.

மூன்றாவது, கொஞ்சம் வருத்தத்தோடு சொல்கிறேன். பட்டாளத்தில் இருந்து வந்தவன் எல்லாம் மனசு உடைந்தவன் என்று நினைத்துக்கொண்டு வராதே. எங்களில் பெரும்பாலானவர்களின் பிரச்சினை குண்டுச் சத்தம் இல்லை. சிப்பாய் முப்பத்தேழு, முப்பத்தெட்டு வயதில் வெளியே வந்துவிடுகிறான். ஊரில் அவன் வயசுக்காரன் அப்போதுதான் உத்தியோகத்தில் மேலே ஏறிக்கொண்டிருப்பான். இவன் ஏ.டி.எம். வாசலில் ஸ்டூல் போட்டு உட்காருவான். அங்கே முப்பது பேருக்கு ஆர்டர் கொடுத்தவனை இங்கே இருபத்தைந்து வயது சூப்பர்வைசர் "யோவ் மிலிட்டரி" என்று கூப்பிடுவான். ராத்திரி அவன் குடிக்கிறான் என்றால் அதையும் சேர்த்துப் பார்க்கணும்.

தையல்மிஷின்:
ஹவில்தார் அண்ணா சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் இந்த இழையில் இதுவரை மனைவி என்றால் விதவை மட்டும்தான் வந்திருக்கிறாள். உயிரோடு இருக்கிறவரின் மனைவி நான். பேசலாமா?

என் வீட்டுக்காரர் 19 வருடம் சர்வீஸ். அதில் நாங்கள் குவார்ட்டர்ஸில் ஒன்றாக இருந்தது மூன்று வருடம். மீதி வருடம் எல்லாம் நான்தான் வீடு. மாமியாருக்குக் கண் ஆபரேஷன், நாத்தனார் கல்யாணம், வீடு கட்டினது, கொத்தனாரோடு சண்டை போட்டது, பையனுக்கு டெங்கு வந்தபோது ராத்திரி ஆட்டோ பிடித்து ஓடினது எல்லாம் நான். லீவில் வந்தால் அவர் விருந்தாளி. கோழி அடிப்போம், சந்தோஷமாக இருப்போம், ரயில் ஏற்றிவிட்டு அழுவோம்.

ஒரேயடியாக வந்துவிட்டார். வந்த இரண்டாவது வாரம் பாஸ் புக்கையும் ஏ.டி.எம். கார்டையும் வாங்கி அவர் டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். "இனி நான் பார்த்துக்கறேன்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். எனக்கு அது எப்படி இருந்தது என்று அவருக்கு இன்று வரை தெரியாது. காலை ஐந்தரைக்குப் பிள்ளைகள் எழுந்து போர்வையை மடித்து வைக்கணும். என் பெரிய பெண் பன்னிரண்டு வயதில் அப்பாவோடு பேசுவதை நிறுத்தினாள். அடி இல்லை, உதை இல்லை. ஆனால் வீட்டில் மூச்சு விட இடம் இல்லை.

யாராவது வீட்டுக்கு வந்தால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து "எங்க வீட்ல எந்தப் பிரச்சினையும் இல்ல" என்பார். நானும் தலையாட்டுவேன். அதனால் கேட்டுக்கொள்கிறேன் மலையடிவாரம், பெண்களைத் தனியாகப் பாருங்கள். ஈ.சி.எச்.எஸ். (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) கார்டு, பிள்ளைகளின் படிப்பு உதவி என்று ஏதாவது காரணம் வைத்துக் கூப்பிடுங்கள்.

ஓய்வு_ஹவில்தார்:
தங்கச்சி, நீங்கள் எழுதினதை மூன்று தடவை படித்தேன். நானும் வந்த உடனே பாஸ் புக்கை வாங்கி வைத்துக்கொண்டவன்தான். அவளுக்குப் பாரம் குறையும் என்று நினைத்தேன். பதினோரு வருடம் ஆகிறது. அவள் ஒரு நாளும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. இன்றைக்குக் கேட்கப் போகிறேன்.

தையல்மிஷின்:
கேளுங்கள் அண்ணா. உடனே பதில் வராது. பொறுமையாக இருங்கள்.

வெண்தாமரை:
மனநல வார்டில் செவிலியர். இரண்டு விஷயம் மட்டும், இரண்டும் உயிர் சம்பந்தப்பட்டவை.

ஒன்று, குடி. வருடக்கணக்கில் தினம் குடிப்பவரைக் குடும்பமே சேர்ந்து சத்தியம் வாங்கி ஒரே நாளில் நிறுத்த வைப்பார்கள். இரண்டாம், மூன்றாம் நாள் கை நடுங்கும், வியர்க்கும், வலிப்பு வரலாம், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும். "பழைய சண்டை ஞாபகம் வந்துடுச்சு" என்று மந்திரிக்கக் கூட்டிப் போவார்கள். அது குடியை நிறுத்தியதால் வருவது, ஆஸ்பத்திரியில் பார்க்க வேண்டியது. உயிரே போகலாம். நிறுத்தச் சொல்லும் முன் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

இரண்டு, துப்பாக்கி. பேங்க் காவலுக்குப் போகிற முன்னாள் படைவீரர்கள் பலர் சொந்த லைசென்சில் துப்பாக்கி வைத்திருக்கிறார்கள். ஒருவர் "இருந்து என்ன ஆகப் போகுது" என்கிற தொனியில் பேச ஆரம்பித்தால், வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, எங்கே இருக்கிறது, சாவி யாரிடம் என்று நேராகக் கேளுங்கள். கேட்டால் எண்ணம் வந்துவிடும் என்று பயப்பட வேண்டாம், அப்படி வராது. மனைவியிடமும் கேளுங்கள். கொஞ்ச நாளைக்கு அது வீட்டில் இல்லாமல் இருக்க ஏற்பாடு செய்யுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416இல் எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம். உங்கள் விசிட்டிங் கார்டின் பின்னால் அச்சடித்துக்கொள்ளுங்கள்.

மலையடிவாரம்:
துப்பாக்கி பற்றி எங்கள் பாடத்தில் ஒரு வரி கூட இல்லை. எழுதி வைத்துக்கொண்டேன். ஆண்கள் பேசவே மாட்டார்கள் என்றால் எப்படித்தான் பேச வைப்பது?

பாலாற்றங்கரை:
எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் பேச மாட்டார்கள். பக்கத்தில் நின்றால் பேசுவார்கள். கேன்டீன் க்யூவில், பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது, பம்ப் செட் ரிப்பேர் பண்ணும்போது. கை வேலையாக இருக்கணும், கண் வேறெங்கோ இருக்கணும்.

ஒரு பெரியவர். 1987 அக்டோபரில் இந்திய அமைதிப் படையோடு இலங்கையில் யாழ்ப்பாணம் போனவர். பேத்தியின் படிப்பு உதவித் தொகைக்காக என்னிடம் வருவார். இரண்டு வருடப் பழக்கத்தில் இலங்கை என்ற வார்த்தையே அவர் வாயில் வந்ததில்லை. ஒரு நாள் மழைக்கு இருவரும் பஸ் நிழற்குடையில் ஒதுங்கினோம். ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். ஒரு வீட்டைச் சோதனை போட்டார்களாம். வாசலில் ஒரு பாட்டி மண்ணை வாரித் தூற்றிச் சபித்திருக்கிறார். "என் செக்‌ஷன்ல மத்தவனெல்லாம் வடக்கத்திக்காரன். ஏதோ கிழவி கத்துதுன்னு போயிட்டான். எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரிஞ்சுது. எங்க அப்பாயி திட்டுற மாதிரியே இருந்துச்சு."

1990 மார்ச்சில் கடைசி அணி சென்னைத் துறைமுகத்தில் இறங்கியபோது, முதலமைச்சர் வரவேற்கப் போகவில்லை. அந்த அரசியலின் சரி தப்பை இங்கே பேச வரவில்லை, ஈழத்தில் அந்தப் பாட்டி பட்டதும் எனக்குத் தெரியாததல்ல. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் திரும்பி வரவே இல்லை. திரும்பி வந்தவர்களில் தமிழர்களாக இருந்தவர்கள் ஊரில் யாரிடம் இதைச் சொல்லியிருக்க முடியும்? கார்கில் போனவர் டீக்கடையில் உட்கார்ந்து கதை சொல்லலாம். இவர் சொல்ல முடியாது. 30 வருடத்துக்கு மேல் சொல்லாமலே இருந்திருக்கிறார்.

நான் அன்று ஒன்றும் சொல்லவில்லை. மழை விடுகிற வரைக்கும் நின்றேன். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார். அடுத்த வாரம் பேத்தியின் மார்க் ஷீட்டோடு வந்தார், கூடவே இரண்டு முருங்கைக்காய்க் கட்டு.

குடியாத்தத்து மகள்:
இந்த இழையில் யாரும் தொடாத ஒன்று. என் அண்ணன் சர்வீஸில் இருக்கும்போது இறந்தான். அண்ணிக்கு அப்போது 24 வயது. அவனுக்குக் கருமாதி முடிவதற்குள் பணப் பேச்சு வந்துவிட்டது. குடும்ப ஓய்வூதியம் மனைவிக்கு. இன்சூரன்ஸ் பணம் அவன் நாமினேஷனில் எழுதிக் கொடுத்தபடி போகும். கல்யாணத்துக்கு முன்னால் எழுதினது, அம்மா பெயர். அவன் மாற்றவே இல்லை. ஊர் இரண்டாகப் பிரிந்து பேசியது. ஒரு பக்கம் "பெத்தவ வயிறு", இன்னொரு பக்கம் "தாலி அறுத்தவ". என் அம்மாவும் அண்ணியும் மூன்று வருடம் பேசவில்லை. இரண்டு பேரும் ஒரே ஆளுக்காகத்தான் அழுதுகொண்டிருந்தார்கள்.

2024இல் இதே மாதிரி விவகாரம் டிவி முழுக்க ஓடியபோது எங்கள் வீட்டில் டிவியை அணைத்துவிட்டோம்.

அப்போது எங்களுக்கு ஒரு சமூகப் பணியாளர் வந்தார். ஆனால் அண்ணிக்கு மட்டும் வந்தார். திட்டம் 'வீரநாரி'களுக்கு, அதாவது இறந்த வீரரின் மனைவிக்குத்தான் என்று சொல்லிவிட்டார். என் அம்மா திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளிடம் ஒரு வார்த்தை, "அம்மா, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டிருக்கலாம்.

பாலாற்றங்கரை:
மகளே, அந்தத் தப்பை நானும் செய்திருக்கிறேன். இப்போது மரணம் நடந்த வீட்டுக்குப் போனால் முதலில் தாய் தகப்பனிடம் போய் உட்காருகிறேன். விண்ணப்பப் படிவத்தைப் பையில் இருந்து எடுப்பதே இரண்டாவது, மூன்றாவது தடவைதான். உங்கள் அம்மா இப்போது எப்படி இருக்கிறார்?

குடியாத்தத்து மகள்:
இப்போது பரவாயில்லை அக்கா. அண்ணி ஆசிரியர் வேலைக்குப் போகிறாள். அம்மாதான் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறாள்.

ஏரிக்கரைத் தென்றல்:
ஒரு சந்தேகம். என் பெரியப்பா முன்னாள் நாயக். ஒரே மகன், 38 வயது, பிறவியிலேயே மனவளர்ச்சி குறைவு. பெரியம்மா போய்விட்டார். பெரியப்பாவுக்கு இப்போது 71. "எனக்கப்புறம் இவனுக்குச் சோறு யார் போடுவா" என்பதைத் தவிர அவருக்கு வேறு பேச்சே இல்லை. மகனுக்கு 25 வயது தாண்டிவிட்டதால் பென்ஷன் வராது என்று யாரோ சொல்லிவிட்டார்களாம்.

நீலகிரிச் சாரல்:
சொன்னவருக்குப் பாதிதான் தெரியும். 25 வயது வரம்பு குறைபாடு இல்லாத மகன்களுக்கு. சம்பாதிக்க முடியாத அளவுக்குக் குறைபாடு உள்ள பிள்ளைக்கு ஆயுள் முழுக்கக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. பெரியப்பா உயிரோடு இருக்கும்போதே அரசு மருத்துவச் சான்றோடு விண்ணப்பித்து மகன் பெயரை பி.பி.ஓ.வில் ஏற்ற முடியும். இதைத் தள்ளிப் போடாதீர்கள், திங்கட்கிழமையே மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள். பணத்தைக் கையாள ஒரு காப்பாளரும் வேண்டும். அது யார் என்று உங்கள் குடும்பம் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். பெரியவரைத் தனியாக அலைய விடாதீர்கள், நீங்கள் கூடப் போங்கள்.

ஏரிக்கரைத் தென்றல்:
போன் பண்ணிச் சொன்னேன் சார். ஒரு நிமிடம் பேச்சே வரவில்லை. அப்புறம் "எழுதி அனுப்பு, படிச்சுப் பார்க்கணும்" என்றார். திங்கட்கிழமை நானே லீவு போட்டுக் கூட்டிப் போகிறேன்.

பாலாற்றங்கரை:
மலையடிவாரம், இன்னும் சில குறிப்பு, அவசரமாக எழுதுகிறேன்.

பென்ஷனே இல்லாத முன்னாள் வீரர்களும் உண்டு. 15 வருடத்துக்கு முன்னாலேயே வெளியே வந்தவர்கள். 65 வயது தாண்டிய, ஹவில்தார் வரை ரேங்கில் இருந்தவர்களுக்கும் அவர்கள் விதவைகளுக்கும் மத்திய சைனிக் போர்டு (முன்னாள் படைவீரர் நல வாரியம்) வறுமை உதவித் தொகை தருகிறது. மாதம் 4,000 ரூபாயாக இருந்தது, 2025 நவம்பரில் இருந்து 8,000. இவர்கள் தாங்களாக வர மாட்டார்கள். பென்ஷன்தாரர் சங்கத்தில் கூட இருக்க மாட்டார்கள். தேடிப் போய்த்தான் பிடிக்கணும்.

இறப்புக்கு, ஊனத்துக்கு என்ன காரணம் என்று ராணுவம் எழுதியிருக்கிறது என்பதைக் கவனமாகப் படி. சாதாரணக் குடும்ப ஓய்வூதியம் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். பணி காரணமாக என்று எழுதியிருந்தால் 60. போர் நடவடிக்கையில் என்றால் முழுச் சம்பளம். சேரும்போது இல்லாத நோய் பணியில் வந்தால் அது பணியால் வந்தது என்றே முதலில் கொள்ள வேண்டும் என்று தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013இல் சொல்லியிருக்கிறது. ஊனமுற்றோர் ஓய்வூதியம் மறுக்கப்பட்டவர்களின் கடிதங்களை அந்தக் கண்ணோடு பார். சென்னையில் ஆயுதப் படைத் தீர்ப்பாயத்தின் கிளை இருக்கிறது, நல்ல வழக்கறிஞர் ஒருவரைத் தெரிந்து வைத்துக்கொள்.

அப்புறம் அக்னிவீர் பிள்ளைகள், நான்கு வருடத்துக்கு மட்டும் பட்டாளத்தில் எடுக்கப்பட்டவர்கள். 2022 திட்டத்தில் போன முதல் அணி நான்கு வருடம் முடித்து 2026 இறுதியில் இருந்து திரும்பும். நூற்றுக்கு 25 பேருக்குத்தான் உள்ளே இடம். மற்றவர்களுக்குப் பென்ஷன் கிடையாது, கையில் ஒரு தொகை மட்டும். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதில் ஊருக்கு வருவார்கள். உன் வயதுப் பிள்ளைகள். என்னை விட நீ அவர்களிடம் நன்றாகப் பேசுவாய்.

மலையடிவாரம்:
சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது, அதனால்தான் இந்தப் பக்கம் வரவில்லை. இதுவரை மனநல ஆலோசனை ஒன்றும் செய்யவில்லை. பதினேழு வீட்டில் ஐந்து காகிதத்தையும் தரையில் வைத்து ஒப்பிட்டேன். ஒன்பது வீட்டில் மனைவி பெயரில் எழுத்து வித்தியாசம். ஹவில்தார் சார் சொன்ன மணிக்கூண்டையும் பார்த்துவிட்டேன், பூக்கடைக்காரர் கூடையை நகர்த்தி வழி விட்டார்.

ஒரு கேள்வி. நாளைக்கு ஒரு பாட்டி வருகிறார். கணவர் இறந்து நான்கு மாதம். டிஸ்சார்ஜ் புக்கில் மனைவி என்ற இடத்தில் இருப்பது வேறு ஒருத்தியின் பெயர். போனில் கேட்டேன், பாட்டி பேசவில்லை, லைனை வைத்துவிட்டார். நான் அவசரப்பட்டுவிட்டேன் என்று நினைக்கிறேன். எங்கே தொடங்குவது?

பாலாற்றங்கரை:
முதல் மனைவி இறந்த பிறகு இவரைக் கட்டியிருக்கலாம். அப்படியானால் முதல் மனைவியின் இறப்புச் சான்று, இந்தக் கல்யாணத்துக்கு ஆதாரம் இரண்டும் வேண்டும். இரண்டு பேரும் ஒரே காலத்தில் இருந்திருந்தால் சிக்கல் வேறு மாதிரி. ஆனால் நாளைக்கு இது எதையும் கேட்காதே. போனில் கேட்டதற்கு முதலில் மன்னிப்புக் கேள். டீ வாங்கிக் கொடு. அவர் பையில் இருந்து எதை முதலில் வெளியே எடுக்கிறார் என்று பார். பதினொரு மணிக்கு நான் அந்தப் பக்கம்தான் வருவேன், வேண்டுமானால் வந்து உட்காருகிறேன்.

மலையடிவாரம்:
வாங்க அக்கா.